மஞ்சள் விளக்கு எதற்காக எரிகிறது?



கார் சாவியைத் திருப்பியதும் மீட்டர் பகுதியில் என்ஜின் உருவம் கொண்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீங்க. ஒருநாள் அது அணையாமலே நின்றுவிட்டால் நெஞ்சு பக்கென்று ஆகிவிடும். பட்டறைக்குப் போனால் ஒரு சின்னக் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் போச்சு, மாத்தணும்" என்பார்கள். நாமும் தலையாட்டிப் பணம் கட்டிவிடுவோம். ஆனால் அந்தக் கருவி உண்மையிலேயே அப்படித்தான் சொன்னதா? இதற்குப் பதில், அந்த விளக்கு பிறந்த கதையில் இருக்கிறது.

புகையில் தொடங்கியது

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. நமக்குப் பழகிப்போன காட்டுத்தீப் புகை அல்ல அது. போர்க்காலம் என்பதால் எதிரியின் நச்சுவாயுவோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். பழி முதலில் ஒரு தொழிற்சாலைமீது விழுந்தது. அன்னாசிப்பழ மணத்தை ஆராய்ந்துவந்த வேதியியல் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட், 1950களின் தொடக்கத்தில் உண்மையைக் காட்டினார். கார்ப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்தே இந்த மூட்டம் உண்டாகிறது என்றார். சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், புதிய கார்கள் கக்கும் முக்கிய மாசுகளை 90 விழுக்காடு குறைக்கச் சொன்னது.

உணரி வந்த காரணம்

புகையைச் சுத்தப்படுத்த 1975 மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. அடுத்து வந்த மூவழி மாற்றி இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று இருக்கணும். பழைய கார்புரேட்டரால் இந்த அளவை விடாமல் பிடித்து வைக்க முடியாது.

1976இல் பாஷ் நிறுவனத்தின் லாம்டா உணரி வோல்வோ கார்களில் வந்தது. ஆக்சிஜன் சென்சார் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்தபின் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை இது அளக்கும். ஏறக்குறைய 0.1 வோல்ட் காட்டினால் காற்று அதிகம், 0.9 வோல்ட் என்றால் பெட்ரோல் அதிகம். அதைப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

ஆளுக்கொரு மொழி

கணினி வந்ததும் பழுதை நினைவில் வைக்கவும் முடிந்தது. 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கு மினுக்கும். ஒரு மினுக்கு, இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் 12 என்று எண்ணிக்கொள்ளணும்! 1988 மாடல் முதல் கார்கள் தங்களைத் தாங்களே சோதிக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதித்தது. ஆனாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் செருகியும் வேறு, குறியீடும் வேறு.

1990இல் திருத்தப்பட்ட சட்டம் இதை மாற்றியது. பழுதுபார்க்கத் தேவையான தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஓபிடி 2 என்ற ஒரே முறை வந்தது. 16 முனைச் செருகி, பொதுவான குறியீடுகள். 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பெட்ரோல் கார்களும் இந்த வழிக்கு வந்தன. இன்று நம்ம கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் அந்தச் செருகி தெரியும்.

குறியீட்டை வாசிப்போம்

பி 0171 என்று கருவி காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து என்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்த 0, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான குறியீடு என்று பொருள். அதற்கடுத்த 1, எரிபொருள், காற்று அளவு சார்ந்தது. 71 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற குறிப்பிட்ட புகார்.

கவனியுங்க, "ஆக்சிஜன் சென்சாரை மாற்று" என்று அது சொல்லவே இல்லை. ஒரு ரப்பர் குழாய் வெடித்து, வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கலாம்; பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். உணரி உள்ளதைச் சொல்லியிருக்கும். அதையே கழற்றிப் போட்டால் விளக்கு மறுபடி எரியும், பணமும் போகும். குறியீடு என்பது புகார், தீர்ப்பு அல்ல. காய்ச்சல்மானி 39 காட்டினால் காய்ச்சல்மானியையா மாற்றுவோம்?

வகுப்பில் இந்தக் கேள்வியையே மாணவர்களிடம் கேட்டுப் பாருங்க. உணரி, கலவை, பழுதுக் குறியீடு ஆகிய மூன்று சொற்களையும் அவர்கள் வாயாலேயே விளக்கச் சொல்லுங்க. அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது நாமும் ஒரு கேள்வி கேட்கலாம்: "என்ன குறியீடு வந்தது? காரணத்தைச் சோதித்துப் பார்த்தீங்களா?" அந்தத் தகவல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதானே ஒரு சட்டமே வந்தது.