திருகோணமலை வீதிகளில் கியர் இறக்கம்

ஓடும் வாகனத்தில் கியரை ஒரு படி இறக்கினால் எஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுழல வேண்டும். சில்லுகளின் வேகம் அப்படியே இருக்க, இடையிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம் மட்டும் மாறுவதே காரணம். மூன்றாம் கியரின் விகிதம் நான்காவதைப் போல் ஒன்றரை மடங்கு என்று கொண்டால், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடிய எஞ்சின் கணப்பொழுதில் 3,000 சுற்றை எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தைச் சில்லுகள் தங்கள் வேகத்திலிருந்து கொடுக்கும். வண்டி முன்பக்கம் குனியும். உள்ளே இருப்பவரின் தலை ஆடும். மழையில் நனைந்த வீதியானால் சில்லு வழுக்கும். அந்த ஆயிரம் சுற்றை முதலில் சாரதியின் கால் கொடுத்தது, பின்னர் எண்ணெய் சமாளித்தது, இன்று கணினி கொடுக்கிறது.

திருகோணமலை மாவட்டம் பெரும்பாலும் சமதரை. அங்கே கியர் இறக்கத்தைக் கட்டாயமாக்கிய இடங்களை விரல்விட்டு எண்ணலாம். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, புள்ளிமான்கள் குறுக்கிடும் வீதியில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி ஒன்று. உவர்மலை ஏற்றம் இன்னொன்று. இவற்றைவிடக் கடினமானவை மூதூர்ப் பக்கத்துப் பாதைத் துறைகள். கிழக்கில் ‘பாதை’ என்றால் வாகனங்களை நீருக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் மிதவை. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் சேரும் இடத்தில் கிண்ணியாப் பாதை ஓடியது. கரைச் சரிவில் லொறியை முதலாம் கியரில் இறக்கி, எஞ்சினின் இழுவையாலேயே வேகத்தை அடக்கி, பலகைத் தளத்தில் ஏற்றி நிறுத்த வேண்டும். பிறேக்கை மட்டும் நம்பினால் ஈரமணலில் பின்சில்லு சறுக்கும். சறுக்கினால் எதிரே இருப்பது கடல்.

வெளியூர் போகும் லொறிகளுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை வீதி அநேகமாக நேராகவே ஓடும். கண்டிக்குப் போவதானால் மாத்தளையைத் தாண்டியதும் பாலகடுவக் கணவாயின் வளைவுகள் வரும். சமதரையில் பழகிய கால் அங்கேதான் தன் குறைகளை உணரும்.

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக இயங்கியது. கெடிலாக் நிறுவனம் 1928இலேயே ‘சிங்ரோமெஷ்’ என்ற ஒத்திசைவுக் கியரைக் கார்களில் கொண்டுவந்திருந்தாலும், அந்தத் தளத்தில் ஓடிய போர்க்காலத்து இராணுவ லொறிகளில் பெரும்பாலானவை அந்த வசதி இல்லாதவை. அவற்றில் கியர் இறக்க ஒரே வழி ‘டபுள் கிளச்’. கிளச்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிளச்சை விட்டு, அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை உயர்த்த வேண்டும். மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். தட்டு குறைந்தாலும் கூடினாலும் பற்கள் ஒன்றையொன்று அரைக்கும். நல்ல சாரதி சுற்றுமானியைப் பார்த்து அல்ல, எஞ்சினின் ஒலியைக் கேட்டே சரியான கணத்தைப் பிடித்தார். வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதற்கு நிகரான செவிப் பயிற்சி அது. எழுதி வைக்க முடியாத அந்த அறிவு ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து பழகியே கைமாறியது.

1958 ஜனவரி 1ஆம் தேதி பேருந்துகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சபை லண்டனில் ஓடிக் கழிந்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. அவற்றுள் ‘ஆர்.டி.’ வகை பஸ்களின் கியர்ப்பெட்டி அக்காலத்துக்கு வியப்பானது. முதலாவது போர்த்தாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான வோல்டர் கோர்டன் வில்சனின் கண்டுபிடிப்பு அது. ஸ்டியரிங் அருகிலுள்ள சிறு நெம்பால் அடுத்த கியரை முன்கூட்டியே தெரிவுசெய்து வைக்கலாம். பெடலை மிதிக்கும்போது கியர் மாறும். ஒரு மையச் சக்கரத்தைச் சுற்றிவரும் கோள்வகைப் பற்சக்கரங்களும், அவற்றின் உருளைகளைப் பற்றிப் பிடிக்கும் பட்டிகளும் அதன் உள்ளுறுப்புகள். பற்கள் எப்போதும் பிணைந்தே இருப்பதால் அரைபடுவதற்கு இடமில்லை. இன்றைய விளையாட்டுக் கார்களில் ஸ்டியரிங் பின்னால் விரலுக்கு எட்டும்படி இருக்கும் ‘பேடில் ஷிஃப்ட்’ நெம்புகளைப் பார்க்கும்போது, அந்த பஸ்ஸின் நெம்பு எத்தனை தூரம் முன்னே நின்றது என்பது விளங்கும்.

அதே கோள்வகைச் சக்கரங்களே ஒட்டோ கியரின் அடிப்படையும். ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905இல் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெனரல் மோட்டர்ஸின் ‘ஹைட்ராமெட்டிக்’ 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. கிளச் பெடல் போய்விட்டது. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே சுழலும் எண்ணெய் சிறிது வழுக்கி, வேக வித்தியாசத்தைத் தன்னுள் விழுங்கிக்கொண்டது. குலுக்கல் குறைந்தது. ஆனால் எந்தக் கணத்தில் கியர் இறங்க வேண்டும் என்ற முடிவு சாரதியின் கையைவிட்டுப் போயிற்று. விளையாட்டுக் கார் பிரியர்கள் ஒட்டோ கியரை நெடுங்காலம் ஒதுக்கியதற்கு அதுவே முதற் காரணம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானில் பாவித்த கார்கள் இலங்கையில் பெருகின. அங்கும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் மாற்றம் தேவைப்படவில்லை. நான்கு கியர் ஒட்டோ கார்களின் கியர் கம்பில் ‘ஓவர்டிரைவ்’ பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும். ‘2’, ‘எல்’ நிலைகள் அதற்கும் கீழே. இவ்வகைக் கார்களில் கணினி எஞ்சினை உயர்த்திக் கொடுப்பதில்லை. ஆகவே பழைய டபுள் கிளச்சின் பாதி வித்தை இங்கும் உதவியது: முதலில் பிறேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு, கியரை இறக்கும் கணத்தில் அக்சிலரேட்டரை மெல்லத் தொட்டால், உள்ளிருக்கும் கிளச் தட்டுகள் குலுக்கலின்றிப் பிடிக்கும்.

முடிவெடுக்கும் உரிமை 1989இல் சாரதியிடம் திரும்பியது. அந்த ஆண்டு ஃபெராரியின் பந்தயக் கார் ஸ்டியரிங் நெம்புகளுடன் பிரேசில் கிராண்ட் பிரீயை வென்றது. போர்ஷே தன் 911இல், சாரதியே படி மாற்றக்கூடிய ‘டிப்ட்ரோனிக்’ ஒட்டோ கியரைக் கொண்டுவந்தது. 2003இல் ஃபோல்க்ஸ்வாகனின் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டியும், 2007இல் மிட்சுபிஷி லான்சர் எவலூஷனின் ‘எஸ்.எஸ்.டி.’யும் வந்தன. இரட்டைக் கிளச்சில் ஒரு கிளச் விடும்போதே மற்றது பிடிக்கிறது. இடையில் கணினி அக்சிலரேட்டரைத் தானே தட்டிச் சுற்றுகளைப் பொருத்துகிறது. மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் நுவரெலியாவில் தொடங்கியபோது சாரதியின் வலக்கால் செய்த வேலை அது.

இத்தகைய காரிலும் ஒழுங்கு மாறவில்லை. ஹபரணை–கந்தளாய் வீதியில் யானை தென்பட்டாலோ, நிலாவெளிப் பக்கம் காற்று மணலை வீதியில் கொண்டுவந்து குவித்திருந்தாலோ, முதலில் செய்ய வேண்டியது பிறேக் பிடிப்பதே. நேராக ஓடும்போதே பிறேக் பிடித்து, நெம்பை ஒவ்வொரு படியாகத் தட்டி, வளைவுக்குள் போகுமுன் கியர் இறக்கத்தை முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவே இரண்டு படி ஒன்றாக இறக்கினால், பின்சில்லு இழுக்கும் காரில் பின்பக்கம் விலகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஆபத்து இரட்டிப்பாகும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. பாதைத் துறைகளின் சரிவில் லொறி இறக்கும் தேவை மூதூர் வீதியில் அற்றுப்போனது. அதற்குள் ஹைபிரிட் கார்களும் வந்துவிட்டன. டொயோட்டா ப்ரியஸில் ‘பி’ (B) நிலை எஞ்சினின் இழுவையைக் கூட்டி, இறக்கத்தில் கியர் இறக்கியதன் பயனைத் தருகிறது. 2013இல் வந்த ஹோண்டா வெசல் ஹைபிரிட்டில் ஏழு கியர் இரட்டைக் கிளச்சே உள்ளது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே ஓட வேண்டியிருந்ததால் கியர் எண்ணெயின் பராமரிப்பு முன்னெப்போதையும்விட முக்கியமானது. எண்ணெய் கறுத்துத் தேய்ந்துபோன ஒட்டோ பெட்டியில் கிளச் தட்டுகள் தாமதித்துப் பிடிக்கும். கியர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு இடி கேட்கும்.