பதினைந்தரையில் இரண்டு போனால்: தோட்டப் பாடசாலையும் தொலைக்கல்வி ஆசிரியர் பயிற்சியும்

கேகாலை மாவட்டம் யட்டியாந்தோட்டைக்கு அருகே, தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 6 கணித வகுப்பில் அமர்ந்திருந்தேன். 15.5 இலிருந்து 2 ஐக் கழிக்கச் சொன்னார் ஆசிரியை. ஒரு மாணவன் 15.3 என்று எழுதினான். அவர் கொப்பியை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மா பதினைந்தரைக் கிலோ கொழுந்து எடுத்தாங்க. சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சா?" யோசிக்காமல் பதில் வந்தது: "பதிமூன்றரை, டீச்சர்."

"முன்பென்றால் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்" என்றார் அவர். பட்டம் பெற்று நேரடியாக வகுப்பறைக்கு வந்தவர். இப்போது பாடசாலையை விடாமலே பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கிறார்.

1977, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் குடியேறிய குடும்பங்கள் எம் வாசகர்களிலும் உண்டு. அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிறுபான்மையிலும் சிறுபான்மை. தமிழ்மொழிமூல ஆசிரியர் இல்லாததால், பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். இருக்கும் ஓர் ஆசிரியரையும் பயிற்சிக்கென்று முழுநேரமாக வெளியே அனுப்பினால் வகுப்பு வெறுமையாகிவிடும். தொலைக்கல்வி இங்கு முக்கியமாவது இதனால்தான்.

எங்கே படிக்கலாம்?

1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இந்த டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்துகிறது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும், யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு இதை வழங்குகின்றன. 2020 இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபின், விரிவுரைகள் பல சூம் திரைக்கு மாறின.

என்ன கற்பிக்கிறார்கள்?

இரண்டு விடயங்கள் அடிப்படை. முதலாவது பாடத் திட்டமிடல். 2007 இல் அறிமுகமான தேர்ச்சிமையக் கலைத்திட்டம் ஐந்து படிகளை வலியுறுத்தியது: ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். பாட முடிவில் பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பாடவேளையைப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

இரண்டாவது கணிப்பீடு. மதிப்பீடு என்பது பிள்ளையின் அடைவு பற்றிய தீர்ப்பு. புள்ளி, தரம், சித்தி என்று முடியும். கணிப்பீடு என்பது பிள்ளை எதை விளங்கிக்கொண்டது, எங்கே தடுமாறுகிறது என்பதற்கான சான்றுகளைத் திரட்டுவது. மேற்சொன்ன மாணவனுக்குக் கழித்தல் தெரியும். தசமப் புள்ளியின் இடப்பெறுமானம்தான் விளங்கவில்லை. ஆசிரியை மறுநாள் பாடத்தை நிறுவைத் துண்டிலிருந்து தொடங்கத் திட்டமிட்டார். தாயின் சம்பளக் கணக்கைச் சரிபார்க்கவும் அந்தத் தசமம் வேண்டும்.

எது போதவில்லை?

அவருக்கு ஒரே மண்டபத்தில் தரம் 6, தரம் 7 இரண்டும். மாதிரிப் பாடத்திட்டமோ ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று எண்ணி எழுதப்பட்டது. இரவு விரிவுரைக்கு லயத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டும். கீழே சிக்னல் இல்லை. மழை நாளில் அதுவும் முடியாது. கற்பித்தல் பயிற்சியையோ திரையால் ஈடுசெய்ய முடியாது: அனுபவமுள்ள ஒருவர் வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

விண்ணப்பிக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஆசிரியர் சேவையில் இந்தத் தகைமை ஏற்கப்படுமா? பாடநூல்களும் பரீட்சையும் தமிழிலா? நேரடி வகுப்பு எந்த ஊரில்? கற்பித்தலைப் பார்வையிட யார், எத்தனை தடவை வருவார்கள்?

நான்காவது கேள்வியைக் கல்வி அதிகாரிகளிடமும் கேட்க வேண்டும். சப்ரகமுவவின் தோட்டப் பாதைகளில் ஏறி வந்து, தமிழில் நடக்கும் பாடத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லக்கூடிய ஒருவர் இல்லையென்றால், சான்றிதழ் கிடைத்த பின்னும் அந்த ஆசிரியை தனியாகத்தான் இருப்பார்.