புத்ரா மகிழுந்தும் தோட்டத்துப் பட்டறையும்: ஒரு கியர் பெட்டியின் வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் தெமியாங் சாலையை அடுத்த ஒரு பட்டறைக்குச் செல்ல நேர்ந்தது. பட்டறையை நடத்துபவர் என் பழைய மாணவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்போதிருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் (2021இல் அது நீக்கப்பட்டது) அவருக்குக் கிடைத்த மதிப்பெண்கள் குறைவு. அன்று வகுப்பில் எல்லாருக்கும் முன்னால், "இப்படியே போனால் பொமன் வேலைக்குத்தான் போவாய்" என்று நான் சொன்னேன். அதை அவர் மறந்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, நான் மறக்கவில்லை.

அன்று அவர் முன்னே ஒரு புரோட்டோன் புத்ரா முன்சக்கரங்கள் கழற்றப்பட்டு நின்றது. இரண்டு கதவு கொண்ட விளையாட்டு வகை மகிழுந்து. தரையில் இரண்டு கியர் பெட்டிகள் அருகருகே கிடந்தன. ஒன்று சிறியது, மற்றது பெரியது. "சார், எஞ்சினை மாத்தியாச்சு. இனி பழைய கியர் பெட்டி தாங்காது" என்றார். ஏன் தாங்காது என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் அரை மணி நேரம் நீடித்தது. அதைக் கேட்டு வந்த பிறகு தேடிப் படித்தவையும், என் தந்தையிடம் சிறு வயதில் கேட்டவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள்தான் நன்றாக உழைக்கும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை போக வேண்டும். இரண்டிற்கும் இடையே நின்று வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவதும், பின்னர் அதையே மாற்றிச் செய்வதும்தான் பல்லிணைப் பெட்டியின் வேலை. 1890களில் பிரான்சின் பனார் எ லெவாசோர் நிறுவனம், பற்சக்கரங்களைத் தண்டின் மேல் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறையைக் கையாண்டது. சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாவிட்டால் பற்கள் மோதிக் கரகரக்கும். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் கொண்டுவந்த சின்க்ரோமெஷ் அமைப்பு இதற்குத் தீர்வானது. கூம்பு வடிவ வளையமொன்று முதலில் உராய்ந்து இரு பக்க வேகத்தையும் சமமாக்கும். அதன் பிறகே பற்கள் கோக்கும்.

ஆனால் லாரிகளுக்கு அந்த வசதி மெதுவாகத்தான் வந்தது. என் தந்தை தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ரப்பர்ப் பாளங்களை ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் சிரம்பானுக்கு இறங்கும்போது அவர் 'டபுள் கிளட்ச்' போடுவார். கிளட்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எண்ணெயை ஓர் அழுத்து அழுத்தி எஞ்சினின் வேகத்தை உயர்த்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரில் தள்ளுவார். சின்க்ரோமெஷ் வளையம் செய்ய வேண்டிய வேலையை அவர் காலும் காதும் செய்தன. இதை அவருக்கு யாரும் எழுதிக் கற்பிக்கவில்லை. எஞ்சினின் ஓசையைக் கேட்டே வேகத்தைக் கணிக்கத் தெரிந்தது அவருக்கு.

பால் மரத்தையும் கங்காணியையும் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். புகைக்கூடம், பால் பதனிடும் ஆலை, இழுவை இயந்திரம், லாரி, மின்னாக்கி ஆகியவற்றைப் பழுது பார்த்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தோட்டம் என்றால் மரம் மட்டும் இருந்ததில்லை, ஓர் இயந்திரக் கொட்டகையும் இருந்தது. அங்கே கையாளாகச் சேர்ந்த சிறுவர்கள் பின்னர் பட்டணத்துப் பட்டறைகளில் பொமன்களானார்கள். 'ஃபோர்மென்' என்ற ஆங்கிலச் சொல் மலாய் வாயில் 'பொமென்' ஆகி, நம் வாயில் 'பொமன்' ஆயிற்று. மேற்பார்வையாளரைக் குறித்த சொல் பழுது பார்ப்பவரைக் குறிக்கலாயிற்று. தகுதி கூடியதா குறைந்ததா என்பதை மொழியாசிரியர்கள் சொல்லட்டும்.

இனி புத்ராவுக்கு வருவோம். புரோட்டோன் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. முதல் மகிழுந்தான சாகா 1985 சூலையில் வெளிவந்தது. தொழில்நுட்பம் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது. 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரின் நான்காம் தலைமுறையை அடிப்படையாகக் கொண்டது. அதே குடும்பத்தில் 1994இல் சத்ரியாவும், 1996இல் இரு கதவு புத்ராவும் வந்தன. புத்ராவின் எஞ்சின் 1.8 லிட்டர், 4ஜி93 வகை. அதன் திறன் 130 முதல் 140 குதிரைத்திறன் அளவு.

இங்கேதான் நம் நாட்டுப் பட்டறைகளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதே நான்காம் தலைமுறை லான்சரின் உடலை வைத்துத்தான் மிட்சுபிஷி தன் பந்தய மகிழுந்தான எவலூஷனின் முதல் மூன்று வகைகளையும் 1992 முதல் செய்தது. 1995இன் எவலூஷன் 3 வகையின் திறன் 270 குதிரைத்திறன். அதற்கு ஒரு படி கீழே ஜிஎஸ்ஆர் என்ற வகை இருந்தது; 1.8 லிட்டர் 4ஜி93 எஞ்சினில் டர்போ பொருத்தி 195 குதிரைத்திறன் தந்தது. ஆக, தோட்டத்து மகன் கடனில் வாங்கிய புத்ராவுக்கும் ஜப்பானில் ஓடிய ஜிஎஸ்ஆருக்கும் இரத்த உறவு இருந்தது. இந்த உறவைப் புரோட்டோன் நிறுவனமே பயன்படுத்தியது: எவலூஷன் மகிழுந்துகள் புரோட்டோன் முத்திரையுடன் ரேலிப் பந்தயங்களில் ஓடின. அவ்வாறான புரோட்டோன் பெர்ட்டை ஓட்டித்தான் நம் நாட்டின் கரம்ஜிட் சிங் 2002இல் உற்பத்தி வகை மகிழுந்துகளுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார்.

உறுப்புகள் எப்படிக் கிடைத்தன? 'ஹாஃப் கட்' என்ற சொல் பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானில் புதிய மகிழுந்துக்கு 3 ஆண்டு கழித்தும், பின்னர் 2 ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கான செலவு அதிகம் என்பதால், நன்றாக ஓடும் மகிழுந்துகளையும் பலர் விரைவிலேயே விட்டுவிடுகிறார்கள். முழு மகிழுந்தை இங்கே கொண்டுவர ஏ.பி. எனும் அனுமதி வேண்டும். பாதியாக வெட்டிய முன்பகுதி உதிரிப்பொருள் கணக்கில் வந்தது. எஞ்சின், கியர் பெட்டி, கம்பிகள், முகப்புப் பலகை எல்லாம் ஒரே துண்டாக வந்து சேரும். ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சுக்கான் வலப்பக்கம். எனவே ஒன்றையும் திருப்பிப் பொருத்த வேண்டியதில்லை. பழைய உதிரிப்பொருள் இறக்குமதிக்கு 2011 முதல் தடை வரும் என்று 2009இல் அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் அது தள்ளிவைக்கப்பட்டது.

எஞ்சினை மாற்றினால் மட்டும் போதாதா என்றுதான் நானும் கேட்டேன். அவர் பழைய பெட்டியின் இரண்டு தண்டுகளுக்கும் இடையே விரலை வைத்துக் காட்டினார். பெரிய பெட்டியில் அந்த இடைவெளி அதிகம். இடைவெளி அதிகமானால் பற்சக்கரம் பெரிதாகும், பல் தடிக்கும். அதே முறுக்குவிசையில் ஒவ்வொரு பல்லின் மேலும் விழும் சுமை குறையும். பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது தண்டுகளும் விலகப் பார்க்கும். பெட்டியின் ஓடு மெல்லியதாக இருந்தால் சற்றே வளையும். பற்கள் நுனியில் மட்டும் தொட்டு, ஒரு நாள் உடையும். ஜிஎஸ்ஆர் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 270 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத எஞ்சினுக்காக அளவிடப்பட்ட பெட்டி அதை எத்தனை நாள் சுமக்கும்?

எனவே எஞ்சினோடு பிறந்த பெட்டியையே சேர்த்து வாங்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரங்களையும் இயக்குவது. புத்ரா முன்சக்கரங்களை மட்டும் இயக்குவது. அந்தப் பெட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் இருக்கிறது. பின்தண்டைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டினால் விசை எளிய வழியைத் தேடித் தடையில்லாத பின்பக்கமே ஓடும். மகிழுந்து நகராது, அல்லது நடுவிலிருக்கும் பிசுபிசுப்பு இணைப்பு முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறிக் கெடும். ஆகவே நடு டிஃபரன்ஷியலை அசையாதபடி பூட்டி, பின்பக்க வாயை எண்ணெய் கசியாமல் அடைக்க வேண்டும். பிறகு கிளட்ச் தட்டு, கியர் கம்பி, தாங்கிகள், வேகமானியின் இணைப்பு எல்லாம் வரும். சக்கரத்துக்குப் போகும் தண்டின் ஒரு முனை புதிய பெட்டிக்கும் மறுமுனை பழைய சக்கரக் குடத்துக்கும் பொருந்த வேண்டும். இரண்டு தண்டுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் பென்சிலால் சுவரில் வரைந்து காட்டினார். வகுப்பில் நான் அவருக்கு வரையக் கொடுத்ததில்லை.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. டொயோட்டாவின் ஏஇ86 மகிழுந்தில் வலிய எஞ்சின் ஏற்றுபவர்கள் அதன் டி50 பெட்டியை நீக்கி, சூப்ராவின் டபிள்யூ58 பெட்டியையோ அல்டேசாவின் ஆறு வேகப் பெட்டியையோ பொருத்துகிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான்.

மகிழுந்தின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் உண்டு. எஞ்சினை மாற்றினால் பரிசோதனை செய்து ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும். கியர் பெட்டி எண்ணுக்கு அதில் இடமில்லை. வலிமை கூடிய பெட்டி, வலிமை கூடாத பிரேக் என்ற நிலையில் புக்கிட் தங்கா வளைவுகளில் இறங்கும் இளைஞர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. என் மாணவருக்கும் உண்டு. பிரேக்கை மாற்றாமல் வண்டியை வெளியே விடுவதில்லை என்றார். சிலர் அதனால் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்களாம்.

புறப்படும்போது உடைந்த பெட்டியிலிருந்து எடுத்த முதல் கியரின் இரண்டு பற்சக்கரங்களைக் கேட்டு வாங்கி வந்தேன். "இதை வச்சு என்ன சார் செய்வீங்க?" என்றார். பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்பு மேசையில் வைத்தேன். பற்களை எண்ணி விகிதம் காணச் சொன்னேன். சிறியதில் 11. பெரியதில் ஒரு குழு 37 என்றது, மற்றொரு குழு 34 என்றது. மூன்று பற்கள் உடைந்து போயிருந்தன. இல்லாத பல்லை எண்ணலாமா என்று பெரிய வாதம் எழுந்தது. கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்து வந்து, உடைந்த இடங்களில் விரலை வைத்து, "ஓட்டும்போது இங்கேயும் பல் இருந்துச்சு சார்" என்றான். 37ஐ 11ஆல் வகுத்தோம். 3.36 வந்தது.