மகிழுந்தின் அம்புக்குறி ஏன் வழி தவறுகிறது? – ஒரு சிறு வரலாறு



கடந்த ஆண்டு மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளி மாணவர்கள் மூவரை என் மகிழுந்தில் அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு முதல் எண் கிடைத்திருந்தது. கோலாலம்பூரில் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை ஒன்றைக் கடந்து வெளியே வந்தோம். வண்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும் வழிகாட்டித் திரையிலோ, அம்புக்குறி இன்னும் சுரங்கத்துக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் குரல் வந்தபோது, திரும்ப வேண்டிய பிரிவு எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. சுற்றிக்கொண்டு மண்டபத்தை அடைந்தபோது அவள் பெயரை இரண்டாம் முறை அழைத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சிரைக்க மேடையேறிய பிள்ளை பாதியில் தடுமாறி நின்றுவிட்டாள். திரும்பும் வழியெங்கும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று மாலை அவளுடைய தந்தையிடம், "செயற்கைக்கோள் சரியாகக் காட்டவில்லை" என்று சொன்னேன். அது உண்மையன்று என்பது பின்னர்தான் விளங்கியது. விளங்கிக்கொள்வதற்காகப் புரட்டியவற்றில் கண்ட வரலாறு சுவையாக இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மகிழுந்தில் பொருத்தி வரும் கருவி வானத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று கேட்கும், வண்டி எவ்வளவு திரும்பியது என்று ஓர் உணரியைக் கேட்கும், வரைபடத்தில் சாலை எங்கே இருக்கிறது என்று பார்க்கும், வானத்தையும் கேட்கும். இந்த நான்கு சாட்சிகளும் சொல்வதை ஒத்துப்பார்த்தே அம்புக்குறியை ஓரிடத்தில் நிறுத்துகிறது. வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்த சாட்சிதான் வானம்.

மூத்த சாட்சி சக்கரம். சீனாவில் மூன்றாம் நூற்றாண்டில் மா ஜுன் என்னும் பொறிவல்லுநர் 'தெற்கு காட்டும் தேர்' ஒன்றைச் செய்தார். தேர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் மேலிருந்த பொம்மையின் கை தெற்கையே சுட்டும். அது காந்தத்தால் இயங்கியதன்று, இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டைப் பற்சக்கரங்களால் கணக்கிட்டு இயங்கியது என்பதே அறிஞர் பலரின் கருத்து. அத்தகைய தேரில் ஒரு சக்கரம் மற்றதைவிடச் சற்றே பெரிதாக இருந்தாலும் போதும், நேரே போகும்போதே கை மெல்லத் திசை விலகும். என் சிக்கலுக்கான விடை இந்தத் தேரிலேயே இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை.

1909இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவரின் 'லைவ் மேப்' விற்பனைக்கு வந்தது. வழி அச்சிட்ட வட்டத் தாள், சக்கரத்தோடு இணைத்த கம்பியால் சுழன்று, அடுத்து எங்கே திரும்புவது என்று காட்டும். ஓட்டுநர் ஒரு முறை வழி மாறிப் போனால் அதன் பிறகு தாள் சொல்வதெல்லாம் தவறு!

1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'எலக்ட்ரோ ஜைரோகேட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. வண்டி திரும்பும்போது ஹீலியம் வாயுவின் ஓட்டம் விலகுவதை அளந்து திசையையும், சக்கரத்திலிருந்து தூரத்தையும் அது கண்டறிந்தது. திரையின் முன் ஒளி ஊடுருவும் வரைபடத் தாளைச் செருக வேண்டும். தொடங்கும் இடத்தை ஓட்டுநரே கையால் பொருத்த வேண்டும். அங்கே தவறினால் பயணம் முழுதும் தவறுதான். சரியாகப் பொருத்தினாலும், சிறு பிழைகள் வட்டிக்கு வட்டி போலக் கூடிக்கொண்டே போகும்.

இந்த வட்டியை அடைக்க வழி கண்டது, 1985இல் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த 'ஈட்டாக்' கருவி. பசிபிக் தீவுகளின் மாலுமிகள் கடலில் தூரத்தைக் கணிக்கும் முறையின் பெயர் அது. வரைபடம் ஒலிநாடாவில் இருந்தது. வண்டி சாலையில்தானே போக முடியும். கணக்கு வயலில் கொண்டுபோய் விட்டால் அருகிலுள்ள சாலைக்கு அம்பை இழுத்து வைத்துவிடலாம் என்பதே அதன் அடிப்படை. இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. மேம்பாலச் சாலைக்கு நேர் கீழே இன்னொரு சாலை ஓடும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அம்பு அடிக்கடி தவறான தளத்தில் நிற்பதற்கும் இந்த இழுப்பே காரணம்.

ஜி.பி.எஸ். வழிகாட்டியைத் தன்னுள் கொண்டே வெளிவந்த முதல் மகிழுந்து 1990இல் வந்த மாஸ்டாவின் 'யூனோஸ் காஸ்மோ'. ஆனால் அக்காலத்தில் அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. பிழை 100 மீட்டர் வரை போகும். நகரத்தில் 100 மீட்டர் என்றால் அடுத்த தெரு, சில வேளை அதற்கும் அடுத்த தெரு. ஆகவே சக்கரத்தையும் திரும்பு உணரியையும் பொறியாளர்கள் கைவிடவில்லை. 2000 மே மாதம் 2ஆம் நாள், அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. பழைய சாட்சிகள் மட்டும் வேலையை விடவில்லை. சுரங்கத்துக்குள் வானம் ஏது?

நம் நாட்டுக்குரிய ஒரு கிளைக்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே நிலமளக்கத் தொடங்கினார். அந்த மாபெரும் இந்திய அளவையிலிருந்து பிறந்த பூமியின் வடிவக் கணக்கு, எவரெஸ்ட் பெயரால் 1830இல் வந்தது. அதையே சற்று மாற்றி மலாயாவின் வரைபடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். பகாங்கிலுள்ள கெர்த்தாவ் அவற்றின் தொடக்கப் புள்ளி. செயற்கைக்கோள்கள் பயன்படுத்துவது வேறு கணக்கு. பழைய வரைபடத்தின் எண்களை மாற்றாமல் அப்படியே கருவியில் இட்டால், இடம் ஏறத்தாழ 150 முதல் 200 மீட்டர் தள்ளிப் போகும். மலேசியா 2003இல்தான் புதிய அடிப்படைக்கு மாறியது. காட்டு நடைப்பயணத்துக்குக் கையடக்கக் கருவி வைத்திருந்தவர்கள், அதன் பட்டியலில் 'கெர்த்தாவ் 1948' என்ற தெரிவைப் பார்த்திருப்பார்கள். எங்கே போனாலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் ஐயுறவேண்டியது இந்த அடிப்படையைத்தான்.

மற்றக் குறிகளும் இப்படியே தம் சாட்சியைக் காட்டிக்கொடுக்கும். உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையே மட்டும் அம்பு தாவினால், சுவரில் பட்டுத் திரும்பிய அலைகளே காரணம். அலை ஒரு மைக்ரோவினாடி பிந்தினால் கணக்கில் 300 மீட்டர் கூடிவிடுகிறது. திறந்த வெளியிலும் தடுமாறினால், வெயிலுக்காக ஒட்டிய உலோகப் படலத்தையும், பின்னால் வாங்கி மாட்டிய மலிவான படப்பதிவுக் கருவியையும் பார்க்க வேண்டும். மின்கலத்தைக் கழற்றி மாட்டிய பிறகு தடுமாறினால் பொறுமைதான் மருந்து. செயற்கைக்கோள்கள் தம் முழு அட்டவணையையும் ஒருமுறை அனுப்பி முடிக்கவே 12.5 நிமிடம் ஆகும்.

என் வண்டிக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. வெளியில் ஒழுங்காக இருந்தது. சுரங்கத்தில் மட்டும் பிந்தியது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, போட்டிக்கு முதல் நாள் மாலை டயர் மாற்றியிருந்தேன். சற்று அகலமாகப் போடலாம் என்று கடைக்காரர் கேட்டார், நானும் தலையசைத்தேன். பழையது 185/60 ஆர் 15, புதியது 195/60 ஆர் 15. இதையே ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 615 ஆகிறது. பெரிய சக்கரம் குறைந்த சுற்றுகளில் அதே தூரத்தைக் கடந்துவிடுகிறது. கருவியோ பழைய அளவிலேயே எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று கிலோமீட்டரில் ஏறத்தாழ 60 மீட்டர் பின்தங்கியது என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். வெளியே வந்த பின்னும் வானத்தின் அலைகளைப் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் பிரிவு போய்விட்டது.

அமைப்புப் பகுதிக்குள் சென்று உணரிகளின் பழைய கற்றலை அழித்துவிட்டு, திறந்த நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டினேன். கருவி புதிய சக்கரத்தைக் கற்றுக்கொண்டது. பழுதுபார்ப்பு அவ்வளவுதான்.

பிறகு அந்த மாணவியின் தந்தையை அழைத்து, செயற்கைக்கோள்மீது நான் சொன்ன குற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். டயர் மாற்றியது நான். மறுநாளே அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றியதும் நான். அவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லை ஐயா, அடுத்த ஆண்டும் அவள் பேசுவாள்" என்றார்.

இவ்வாண்டும் அதே சுரங்கம்தான். அவள் முன்னிருக்கையில் அமர்ந்து திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தோம்.