லிங்க்ட்இன் இல்லாத காலத்தில் ராமானுஜன் வேலை தேடிய கதை

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குத் திருக்கோவிலூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு செஞ்சியும் திருக்கோவிலூரும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. அந்தத் திருக்கோவிலூருக்கு 1910ல் ஒரு இளைஞர் வேலை கேட்டு வந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கல்யாணம் ஆனவர், வருமானம் இல்லை. கையில் இருந்தது ஒரு கணக்கு நோட்டு. அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

அவர் தேடி வந்தது டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயரை. கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. ஆனால் ராமசாமி ஐயர் சாதாரண அதிகாரி இல்லை. கணிதப் பத்திரிகைகளை வரவழைத்துத் தபாலிலேயே சுற்றுக்கு விட்டுப் படிக்கலாம் என்று நண்பர்களுக்கு எழுதி, 1907ல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர். நம் காலத்து நெட்வொர்க்கிங்குக்கு அப்போது தபால்தான் வழி!

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைக்க மனசு வரவில்லை. சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கே பேராசிரியர் சேஷு ஐயர். அவர் கடிதம் கொடுத்தது நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு. ராவ் உடனே நம்பிவிடவில்லை. நோட்டில் உள்ளதை ராமானுஜன் விளக்க விளக்கத்தான் நம்பிக்கை வந்தது. மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார்.

1911ல் சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் கணக்கு. ஆறு மாதமாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடை சொன்னார். அதே வருடம் முதல் கட்டுரையும் அதில் வந்தது. பெயர் பரவியது.

1912 மார்ச் 1ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரி நாராயண ஐயர், கணிதச் சங்கத்தின் பொருளாளரும்கூட.

பிறகுதான் முன்பின் தெரியாதவர்களுக்குக் கடிதங்கள். கேம்பிரிட்ஜில் பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு எழுதியது ஹார்டிக்கு. தேற்றங்களைப் பார்த்த ஹார்டி பதில் போட்டார். 1914ல் கப்பல், 1918ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. 1920ல், 32 வயதில், மறைந்தார்.

அறிமுகக் கடிதம் கதவைத் தட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். உள்ளே உட்கார வைத்தது நோட்டு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தச் சங்கிலியில் இருந்தவர்கள் ஆங்கிலம் படித்த, பெரும்பாலும் பிராமண, அதிகாரிகளும் பேராசிரியர்களும். 1910ல் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூலிக்காரர் மகன் இதே மாதிரி நோட்டு எழுதியிருந்தால், டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணை வரை போயிருக்க முடியுமா?

2003ல் லிங்க்ட்இன் வந்தது. இன்று மேல்மலையனூரில் பி.காம். முடித்தவர், யாருடைய கடிதமும் இல்லாமல் சென்னை ஆடிட்டருக்கோ சிங்கப்பூர் மேனேஜருக்கோ நேராக எழுதலாம். திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதனாலேயே கூட்டமும் அதிகம். ஐந்நூறு பேரை இணைத்துவிட்டு, காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பவர்களும் அதில் உண்டு.

நண்பர்களே, கதவைத் தட்டும் முன் நோட்டு தயாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.