மொட்டை டயரும் பூ உள்ள டயரும்



விடியுமுன் பால்மரத்துக்குக் கோடு போட்டு, மங்கு கவிழ்த்து, வாளியில் பால் சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கார் ஓட்டுகிறார்கள். அந்தப் பாலெல்லாம் எங்கே போயிற்று? உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குத்தான் போகிறது. ஆகவே டயரின் வரலாறு நமக்கு அயலார் வீட்டுக் கதையன்று.

அந்த வரலாற்றில் ஒரு கிளையை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். 'டிராக் ரேடியல்' என்று ஒரு டயர் இருக்கிறது. நேர்க்கோட்டில் ஓடும் வேகப் பந்தயத்துக்காக அமெரிக்காவில் உருவானது. அகலமாக இருக்கும், புறப்படும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தரையைக் கவ்விக்கொள்ளும். கார்ப் பித்துக் கொண்ட இளைஞர்கள் இதை நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் காருக்கே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இதற்கு விடை வேண்டுமானால், டயருக்குப் பூ எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டயரின் மேல் வெட்டியிருக்கும் கோடுகளைத்தான் நம் நாட்டில் பூ என்கிறோம். மலாய்க்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். 1845-ல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்போது மோட்டார் வண்டியும் இல்லை, சைக்கிளும் பரவவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு உறங்கிப்போயிற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக 1887-ல் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். 1895-ல் பிரான்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், காற்றடைத்த டயர் போட்ட காரை முதன்முதலாக ஓட்டினார்கள். வழிநெடுகப் பஞ்சர். இருந்தாலும் இனி உலகம் எதன்மேல் ஓடப்போகிறது என்பது தெரிந்துவிட்டது.

இதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்ததும் நினைவில் இருக்கட்டும். 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் நாளும் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி வகுத்தார். மோட்டார் வண்டி பெருகப் பெருகத் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து கப்பல்கள் வந்தன. டயர் வராதிருந்தால் நம்மில் பலருடைய பாட்டனார் இந்த மண்ணை மிதித்திருக்க மாட்டார்.

அந்தத் தொடக்க கால டயர்கள் மொட்டையாகவே இருந்தன. காய்ந்த சாலையில் அவை நன்றாகத்தான் ஓடின. மழை வந்ததும் வழுக்கின. 1904-ல் ஜெர்மனியின் காண்டினென்டல் நிறுவனம் காருக்குப் பூ வெட்டிய டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1908-ல் அமெரிக்காவின் பயர்ஸ்டோன் நிறுவனம் வேடிக்கையாக ஒன்று செய்தது. 'பயர்ஸ்டோன் வழுக்காதது' என்ற பொருளில் ஆங்கில எழுத்துகளையே சாய்வாக வெட்டிப் பூவாக அமைத்தது. வண்டி போன தடமெல்லாம் விளம்பரம்! இருந்தாலும் அந்த எழுத்துகளின் ஓரங்கள் தரையைப் பிடித்தன என்பது உண்மை.

பூவுக்கு வேலை என்ன? காய்ந்த தரையில் அதற்கு வேலை குறைவு. ரப்பர் எவ்வளவு கூடுதலாகத் தரையைத் தொடுகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு; வெட்டிய பள்ளம் அந்தத் தொடுகையைக் குறைக்கத்தான் செய்யும். மழைநீர் தேங்கிய சாலையில்தான் பூ தன் வேலையைக் காட்டுகிறது. டயர் உருண்டு வரும்போது எதிரே உள்ள நீரை ஒதுக்க வேண்டும். பள்ளம் இருந்தால் நீர் அதற்குள் ஓடி வெளியேறும். பள்ளம் இல்லையென்றால், வேகம் கூடும்போது நீர் ஒரு ஆப்பைப்போல டயருக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடும். அப்போது கார் சாலையில் ஓடவில்லை, தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை, பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை.

விமானங்கள் ஈரமான ஓடுதளத்தில் இப்படி வழுக்கியதால், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960-களில் இதை ஆராய்ந்தது. டயருக்குள் காற்றழுத்தம் குறையக் குறைய, மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று கண்டது. அந்தக் கணக்கின்படி, தேங்கிய நீரில் 36 ராத்தல் காற்றுள்ள மொட்டை டயர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும்; 16 ராத்தல் காற்றுள்ளது 67 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதக்கும். இந்த 16 என்ற எண்ணைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்துக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளிலும் கைவிடப்பட்ட விமான ஓடுதளங்களிலும் ஓட்டிப் பார்த்தார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தார். தெருவில் பந்தயம் விட்டுச் செத்துப்போகாதிருக்க, அவர்களைத் தனித் தடத்துக்கு அழைத்துப் போவதும் அதன் நோக்கம். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம், யார் முதலில் கடப்பது என்பதே பந்தயம். மழை பெய்தால் பந்தயம் இல்லை. ஆகவே பூவும் வேண்டாம் என்றாயிற்று. 1950-களிலேயே இதற்கென்று மென்மையான மொட்டை டயர்கள் வந்துவிட்டன. அரை நூற்றாண்டு பாடுபட்டு வெட்டிய பூவைப் பந்தயக்காரர்கள் ஒரே வீச்சில் வழித்துப் போட்டார்கள். அவர்கள் இடத்தில் அது சரியே.

இதற்கிடையில் பிரான்சில் வேறொரு மாற்றம். பழைய டயர்களில் உள்ளிருக்கும் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்திருக்கும். 1946-ல் மிஷலின் நிறுவனம் நூல்களை நேராக, சக்கரத்தின் ஆரைக்கால்போல ஓடவிட்டு, மேலே எஃகுக் கம்பிப் பட்டையைச் சுற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. 1949-ல் அது விற்பனைக்கு வந்தது. அதுவே ரேடியல் டயர். சூடு குறைவு, தேய்மானம் குறைவு. அதோடு, உருவாகும் நிலையில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்க இயற்கை ரப்பர் கூடுதலாக வேண்டியிருந்தது. போர்க்காலத்துக்குப்பின் செயற்கை ரப்பர் வந்து தோட்டங்களை அச்சுறுத்திய நேரத்தில், ரேடியல் பால்மரத்துக்கு ஓரளவு கைகொடுத்தது எனலாம்.

இந்த இரண்டு வரலாறுகளும் சேர்ந்த இடம்தான் டிராக் ரேடியல். சாலையிலும் ஓடும் கார்களுக்கான பந்தயங்கள் அமெரிக்காவில் பெருகியபோது, 1990-களில் இவ்வகை டயர் கடைக்கு வந்தது. உள்ளே ரேடியல் கட்டு. மேலே பந்தயத்துக்கான மென்மையான கலவை. பெயருக்குச் சில பள்ளங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் மூன்றெழுத்து முத்திரையும் பக்கத்தில் இருக்கும். இந்த முத்திரையைக் காட்டித்தான் 'சாலைக்கு ஏற்றது' என்கிறார்கள். ஆனால் அந்த முத்திரைக்கு உரிய பொருள், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கச் செய்ததாகத் தயாரிப்பாளர் உறுதி கூறுகிறார் என்பதே. மழையில் நிற்கும் என்று அது சொல்லவில்லை. அதே பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்றும் இருக்கும். சாதாரணக் கார் டயரில் அது 300, 400 என்று போகும். டிராக் ரேடியல்களில் 0 என்றே பொறித்தவை உண்டு. முத்திரையைப் படிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

புதிய சாதாரண டயரில் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். டிராக் ரேடியலில் தொடக்கத்திலேயே அதில் பாதியளவுதான். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். மென்மையான கலவை நம் நாட்டு வெயிலில் அந்த அளவுக்கு இறங்க நெடுநாள் ஆகாது. வழியிலுள்ள பொடிக்கற்களையும் அது ஒட்டி எடுத்துக்கொண்டே போகும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கலவை இறுகிப்போனால் எதற்காக வாங்கினோமோ அந்தப் பிடிப்பும் போய்விடும்.

பந்தயத் தடத்தில் பிடிப்புக்காகக் காற்றை இறக்கி, 16 ராத்தல் அளவிலும் ஓட்டுவார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன எண் இதுதான். திரும்பக் காற்றடிக்காமல் வீட்டுக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்த டயர் பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டும் மாட்டப்படும். முன்சக்கரங்கள் சாதாரண டயரில் தரையைப் பிடித்திருக்கும், பின்சக்கரங்கள் மிதக்கும். கார் பின்பக்கத்தை வீசிக்கொண்டு சுழலும். அப்படிச் சுழலும் காரைத் திரும்ப நேர்ப்படுத்துவது கைதேர்ந்த ஓட்டுநருக்கும் அரிது. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருபவருக்கோ இந்த டயரின் பெயர்கூடத் தெரியாது.

அன்றாட ஓட்டத்துக்கு இந்த டயர் ஆகாது என்பதே என் கருத்து. எப்போதாவது வானம் வெளுத்த நாளில் மட்டும் வெளியே எடுக்கும் காரானால், நிதானமாக ஓட்டுபவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மாலைதோறும் இடியோடு மழை கொட்டும் நாட்டில், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாலை வானத்தை யார் கணிக்க முடியும்?

பந்தயத்தில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் பலர் இதை வேறுவிதமாகச் செய்கிறார்கள். பந்தய டயரைத் தனி ரிம்மில் பூட்டி, காரின் பின்னே ஏற்றிக்கொண்டு தடத்துக்குப் போகிறார்கள். அங்கே ஜாக்கி போட்டு, பின்சக்கரம் இரண்டையும் கழற்றி மாட்டுகிறார்கள். இரண்டு பேர் கை கொடுத்தால் நெடுநேரம் ஆகாது. பந்தயம் முடிந்ததும் பழைய சக்கரங்களையே மாட்டி, காற்றையும் அளந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.