பாரி மிங்கோ

பாரி மிங்கோ (பிறப்பு 1966) அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர். 20 வயதில் கோடீஸ்வரத் தொழிலதிபர் என்று தொலைக்காட்சிகளில் கொண்டாடப்பட்டு, 22 வயதில் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ரிசீடா பகுதியில், பள்ளியில் படிக்கும்போதே, பெற்றோர் வீட்டு கேரேஜில் 'ஸீ பெஸ்ட்' என்ற கார்ப்பெட் சுத்தம் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வேலை கிடைத்தது, லாபம் வரவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவே கையில் பணமில்லை. பாட்டியின் நகைகளைத் திருடினார். கணக்கில் பணமில்லாமலேயே ஒரு வங்கியின் காசோலையை இன்னொரு வங்கியில் போட்டுச் சுழற்றினார். வாடிக்கையாளர்களின் கிரெடிட் கார்டில் அவர்கள் வாங்காத சேவைக்கும் பணம் எடுத்தார். நன்றாக நடந்த தொழில் பின்னாளில் கெட்டுப்போனதாகச் சிலர் இவர் கதையைச் சொல்வதுண்டு, அது சரியல்ல. தொழிலும் மோசடியும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன.

கடன் கொடுத்தவர்களை நம்பவைக்க மிங்கோ புதிதாக ஒரு வருமானத்தைக் கற்பனை செய்தார். தீயிலும் தண்ணீரிலும் சேதமான கட்டடங்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சீரமைத்துத் தருவதாகக் கணக்கு எழுதினார். காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த கூட்டாளி ஒருவர் அதற்குக் கடிதங்கள் தயாரித்துக் கொடுத்தார். நிறுவனம் காட்டிய வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பொய் ஒப்பந்தங்களிலிருந்து வந்ததே. 1986-இல் ஸீ பெஸ்ட் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது. மறு ஆண்டு அதன் சந்தை மதிப்பு 20 கோடி டாலரைத் தாண்டியது.

தணிக்கை நிறுவனமான எர்ன்ஸ்ட் & வின்னி, சேக்ரமென்டோ நகரில் சீரமைப்பு வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. அப்படி ஓர் இடமே இல்லை. மிங்கோவின் ஆட்கள் அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் இடம் பிடித்து, காவலாளியைச் சரிக்கட்டி, ஆட்கள் குறைவாக இருக்கும் வார இறுதியில் தணிக்கையாளரை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினார்கள். அதற்கு முன்பே, கட்டட உரிமையாளரையோ ஒப்பந்ததாரரையோ காப்பீட்டு நிறுவனத்தையோ தொடர்புகொள்வதில்லை என்று தணிக்கை நிறுவனத்திடம் எழுதி வாங்கியிருந்தார்கள். யாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் உண்மை தெரிந்திருக்கும். மிங்கோவின் சாமர்த்தியத்தைவிட, அந்த நிபந்தனைக்குத் தணிக்கையாளர்கள் சம்மதித்ததே இந்த வழக்கில் பெரிய தவறு.

சரிவைத் தொடங்கிவைத்தது ஓர் இல்லத்தரசி. தன் கார்டில் கூடுதலாக எடுத்த பணத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அவர், அதேபோல் ஏமாந்த மற்றவர்களையும் தேடிப் பிடித்தார். 1987 மே மாதம் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' இந்தக் கார்டு மோசடியை வெளியிட்டதும் பங்கு விலை சரிந்தது. ஜூலையில் மிங்கோ பதவி விலகினார், நிறுவனம் திவாலானது. குற்றக் கும்பல் மிரட்டியதால்தான் செய்தேன் என்று நீதிமன்றத்தில் அவர் சொன்னதை ஜூரிகள் ஏற்கவில்லை. 57 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 1989-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1995-இல் விடுதலையாகி, சான் டியாகோவில் தேவாலயப் போதகரானார். மோசடிகளைக் கண்டறியும் நிறுவனமும் நடத்தினார். சில உண்மையான மோசடிகளை வெளிக்கொண்டும் வந்தார். ஆனால் 2009-இல் லென்னார் என்ற வீடுகட்டும் நிறுவனத்தின்மீது பொய்க் குற்றச்சாட்டுகளைப் பரப்பி, அதன் பங்கைச் சரியவைத்தார். அதற்காக 2011-இல் 5 ஆண்டுச் சிறையும், 58 கோடி டாலருக்கு மேல் இழப்பீடும் விதிக்கப்பட்டன. 2014-இல், தன்னை நம்பிய சபையிடமிருந்து 30 லட்சம் டாலருக்கு மேல் கையாடியதை ஒப்புக்கொண்டு, மேலும் 5 ஆண்டுத் தண்டனை பெற்றார். புற்றுநோயில் மனைவியை இழந்த ஒருவர், அவர் நினைவாக சூடானில் மருத்துவமனை கட்டக் கொடுத்த 75,000 டாலரும் அதில் அடக்கம்.